புயலும் மழையும் யார் கையில்? கடலூர், புதுச்சேரி விசுவாசிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஐப்பசி பிறந்து வாடைக்காற்று திரும்பியதும் இந்தக் கரையில் சபைக்குச் சபை இந்தக் கேள்விகள் எழும். 2004 சுனாமி, 2011 தானே புயல், 2015 வெள்ளம், 2024 ஃபெஞ்சல் புயல் என்று இருபது வருஷத்தில் இத்தனை அடி வாங்கிய ஊர்களில் இவை ஏட்டுக் கேள்விகள் அல்ல. வசனங்களைப் பழைய மொழிபெயர்ப்பின்படி தருகிறோம். கத்தோலிக்க வாசகர்கள் சங்கீதத்தைத் திருப்பாடல்களிலும், அப்போஸ்தலரைத் திருத்தூதர் பணிகளிலும் பார்த்துக்கொள்ளலாம்.

கடவுள் எல்லாவற்றையும் ஆளுகிறார் என்றால் சரியாக என்ன அர்த்தம்?

மூன்று காரியம் அதில் அடங்கியிருக்கிறது. படைத்ததைத் தொடர்ந்து தாங்கி நிறுத்துகிறார் (எபிரெயர் 1:3). படைக்கப்பட்டவை தங்கள் இயல்புப்படி இயங்கும்போது அதனூடே தாமும் செயல்படுகிறார். எல்லாவற்றையும் தாம் குறித்த முடிவுக்கு நடத்திச் செல்கிறார். கத்தோலிக்கர் இதை இறைப் பராமரிப்பு என்பார்கள்; மற்ற சபைகளில் தேவனுடைய ஆளுகை, சர்வ ஆளுகை என்ற சொற்கள் புழங்குகின்றன.

சீர்திருத்த சபைகளின் போதனை நூலாக 1563-இல் வந்த ஹைடல்பர்க் வினாவிடையின் 27-ஆம் கேள்வி இதைத்தான் விளக்குகிறது. மழையும் வறட்சியும், விளைச்சல் வருஷமும் விளையாத வருஷமும், ஆரோக்கியமும் வியாதியும், செல்வமும் வறுமையும் தற்செயலாக வருவதில்லை, தகப்பனுடைய கையிலிருந்தே வருகின்றன என்கிறது. வறட்சியும் வியாதியும்கூட அந்தப் பட்டியலில் இருக்கின்றன. அந்தக் கை தகப்பனுடையது என்பதும் கூடவே சொல்லப்பட்டிருக்கிறது. இரண்டில் எதை விட்டாலும் உபதேசம் ஒரு பக்கம் சாய்ந்துவிடும்.

முதலில் சொன்ன மூன்றில் நடுவில் உள்ளதை, அதாவது படைக்கப்பட்டவற்றின் இயக்கத்தினூடே அவர் செயல்படுவதைத்தான் நம் ஆட்கள் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். கீழே வரும் பாதிக் குழப்பத்துக்கு அதுதான் காரணம்.

வானிலை மையம் காரணத்தைச் சொல்லிவிடுகிறது. அப்புறம் கடவுளுக்கு அங்கே என்ன வேலை?

‘அன்றன்றுள்ள அப்பத்தை எங்களுக்குத் தாரும்’ என்று ஜெபித்துவிட்டுப் போய் பேக்கரியில் ரொட்டி வாங்குகிறோம். மாவு, ஈஸ்ட், அடுப்பு, விடியுமுன் எழுந்து மாவு பிசைந்தவரின் உழைப்பு எல்லாம் அதில் இருக்கின்றன. அதனால் கடவுள் தரவில்லை என்று யாரும் சொல்வதில்லை. சங்கீதம் 104:14-15 இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறது: பூமியிலிருந்து ஆகாரத்தை விளைவிக்கிறவர் அவர், பயிரிடுகிறவன் மனுஷன்.

மழையும் இப்படித்தான். வங்கக் கடலின் வெப்பம், காற்றழுத்தத் தாழ்வு, வடகிழக்குப் பருவக்காற்று ஆகியவற்றை இறையியலில் இரண்டாம் காரணங்கள் என்பார்கள். கத்தோலிக்க இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ் 13-ஆம் நூற்றாண்டிலேயே இதைத் தெளிவாக எழுதிவிட்டார். முதற்காரணரான கடவுளும் இரண்டாம் காரணங்களும் ஒரே வேலையைப் பங்கு போட்டுக்கொள்ளும் இரண்டு கூலியாட்கள் அல்ல. ஆளுக்குப் பாதி என்று பிரிக்கப் போனால், அறிவியல் ஒன்றை விளக்கும்போதெல்லாம் கடவுளின் பங்கு குறைந்துகொண்டே வருவதுபோலத் தோன்றும்.

இன்னொன்று. ஆதியாகமம் 8:22-இல் விதைப்பும் அறுப்பும், கோடைகாலமும் மாரிகாலமும் ஒழிவதில்லை என்று கடவுள் வாக்குக் கொடுக்கிறார். இயற்கை ஒழுங்காக நடப்பதே ஒரு வாக்குறுதியின் நிறைவேற்றம். அந்த ஒழுங்கு இருப்பதால்தான் வானிலையைக் கணிக்கவே முடிகிறது. எனவே முன்னறிவிப்பைக் கேட்பது விசுவாசத்துக்கு விரோதமானதல்ல.

புயலை அனுப்புவது கடவுளா, சாத்தானா?

யோபு 1-ஆம் அதிகாரத்தில் வனாந்தரத்திலிருந்து பெருங்காற்று வந்து வீட்டை இடித்து யோபின் பிள்ளைகளைக் கொல்கிறது. அந்த அதிகாரப்படி அதன் பின்னால் சாத்தானின் தீய எண்ணம் இருந்தது. கடவுள் வைத்த எல்லையும் இருந்தது. யோபோ ‘கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்’ என்கிறான். அவன் வாயினால் பாவம் செய்யவில்லை என்று வேதமும் சாட்சி சொல்கிறது. அதனால் கேள்வியை இரண்டில் ஒன்றாகச் சுருக்கினால் பதில் தப்பிப்போகும்.

சபைகள் இங்கே சற்று வித்தியாசப்படுகின்றன. கால்வின் வழி வந்தவர்கள் கடவுள் தீர்மானித்தார் என்றே தயங்காமல் சொல்வார்கள். வெஸ்லி வழியிலும் பெந்தெகொஸ்தே சபைகளிலும் அனுமதித்தார் என்ற சொல்லே அதிகம் வரும். கத்தோலிக்கத் திருச்சபை, தீமையைக் கடவுள் விளைவிப்பதில்லை, அனுமதித்து அதிலிருந்தும் நன்மையை வருவிக்கிறார் என்று போதிக்கிறது. புயல் அவர் கையை மீறிப் போய்விட்டது என்று மட்டும் இவர்களில் யாரும் சொல்வதில்லை. புலம்பல் 3:33-ஐயும் சேர்த்துப் படியுங்கள்: அவர் மனப்பூர்வமாய் மனுபுத்திரரைச் சஞ்சலப்படுத்துகிறதில்லை.

2004 சுனாமி தண்டனையா?

இல்லை என்பதைச் சுற்றிவளைக்காமல் சொல்லிவிட வேண்டும். ஏன் என்று விளக்கவும் வேண்டும்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். இந்திய நேரம் காலை 6:28-க்குச் சுமத்ரா அருகே கடலடித் தட்டு உடைந்து எழும்பியது. சுமார் இரண்டு மணி நேரம் கழித்து அலை நம் கரையைத் தொட்டது. தேவனாம்பட்டினம் முதல் பரங்கிப்பேட்டைப் பக்கம் வரை கடலூர் மாவட்டத்தில் மட்டும் அறுநூறுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவர்களில் பிள்ளைகள் ஏராளம். இது பாவத்துக்குத் தண்டனை என்று அப்போதே சில மேடைகளில் பேசினார்கள்.

லூக்கா 13:4-இல் இயேசுவிடம் இதே மாதிரியான செய்தி வந்தபோது அவரே ஓர் உதாரணம் எடுக்கிறார். சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்தார்கள். எருசலேமில் குடியிருந்த மற்றவர்களைவிட அவர்கள் குற்றவாளிகளோ என்று கேட்டு, அப்படியல்ல என்கிறார். யோவான் 9:3-இல் பிறவிக் குருடன் விஷயத்திலும் அதே பதில்தான். வேதாகமத்தில் நியாயத்தீர்ப்பாக வந்த பேரழிவுகள் உண்டு. ஆனால் அங்கே தீர்க்கதரிசி முன்கூட்டி அனுப்பப்பட்டார், காரணம் பெயர் சொல்லி அறிவிக்கப்பட்டது, மனந்திரும்ப அவகாசம் கொடுக்கப்பட்டது. நினிவே நகரத்துக்குக் கடவுள் 40 நாள் கொடுத்தார். சம்பவம் முடிந்த பிறகு பிணங்களைப் பார்த்துக் காரணம் கண்டுபிடிப்பது தீர்க்கதரிசனம் ஆகாது.

அதே நாளில் வேளாங்கண்ணியில் பசிலிக்கா நின்றது. கடற்கரையில் இருந்த திருப்பயணிகள் நூற்றுக்கணக்கில் இறந்தார்கள். கோவில் தப்பியதை அற்புதம் என்று சாட்சி சொல்பவர்கள், அலையில் போனவர்களும் அதே மாதாவைத் தேடி வந்த பக்தர்கள் என்பதை நினைக்க வேண்டும். 1755 நவம்பர் 1, சகல பரிசுத்தவான்கள் திருநாளன்று போர்ச்சுகலின் லிஸ்பன் நகரம் நிலநடுக்கத்தில் குலுங்கியபோது, ஆராதனைக்குப் போயிருந்தவர்கள் ஆலயங்களுக்குள்ளேயே நசுங்கினார்கள். யார் நல்லவர், யார் கெட்டவர் என்பதை இடிபாட்டை வைத்துக் கணக்கிட முடியாது.

நீதிமானுக்குத் தீங்கு வராது என்று வாக்குத்தத்தம் இருக்கிறதே?

மத்தேயு 10:29-ஐ மெதுவாகப் படியுங்கள். பிதாவின் சித்தமில்லாமல் ஒரு குருவியும் தரையிலே விழாது என்றுதான் இருக்கிறது. குருவி விழவே விழாது என்று இல்லை. மத்தேயு 7-இல் கன்மலைமேல் கட்டிய வீட்டுக்கும் அதே மழை, அதே பெருவெள்ளம், அதே காற்று. 5:45-இல் நீதியுள்ளவர்கள் வயலுக்கும் அநீதியுள்ளவர்கள் வயலுக்கும் ஒரே மழை. தானே புயலில் பண்ருட்டிப் பக்கம் சாய்ந்த முந்திரியும் பலாவும் உரிமையாளரின் மதம் பார்த்துச் சாயவில்லை.

எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிய பிறகும், ஆண்டவர் காப்பார் என்ற விசுவாசத்தோடு கடலுக்குப் போகலாமா?

போகக் கூடாது. இதற்கு, பவுலைக் கைதியாக ரோமாபுரிக்குக் கப்பலில் கொண்டுபோவதைச் சொல்லும் அப்போஸ்தலர் 27-ஆம் அதிகாரத்தைவிட நல்ல பாடம் இல்லை. கடலோரச் சபைகளில் ஒவ்வொரு வருஷமும் புரட்டாசி கடைசியில் இதை முழுவதும் வாசிக்கலாம்.

காலத்தைக் கவனியுங்கள். 9-ஆம் வசனத்தில் உபவாச நாளும் கழிந்துபோயிற்று என்று வருகிறது. அது யூதரின் பாவநிவாரண நாள், செப்டம்பர் கடைசி அல்லது அக்டோபர். மத்தியதரைக் கடலில் அதற்கப்புறம் கப்பல் ஓட்டுவது ஆபத்து. நமக்கும் அதே மாதங்கள்தான் பயம். இந்தப் பயணத்தில் சேதம் வரும் என்று பவுல் எச்சரிக்கிறார். அவரைக் காவலில் கொண்டுபோகும் நூற்றுக்கதிபதியோ மாலுமியையும் கப்பல்காரனையும் நம்புகிறான். 13-ஆம் வசனத்தில் தென்றல் மெதுவாக அடிக்கிறது. தாங்கள் கோரினது கைகூடிவந்ததென்று எண்ணிப் புறப்படுகிறார்கள். அடுத்த வசனத்திலேயே யூரோக்கிலிதோன் என்னும் கடுங்காற்று மோதுகிறது.

பல நாள் சூரியனும் தெரியவில்லை, நட்சத்திரமும் தெரியவில்லை. அப்போது தூதன் பவுலிடம் கப்பல் சேதமாகும், ஒருவர் உயிரும் போகாது என்று உறுதி கொடுக்கிறான். கடவுளே சொல்லியாயிற்று. இனி கையைக் கட்டி உட்காரலாமே? பதினாலாம் இராத்திரி கரை கிட்டுவதுபோலத் தோன்ற, கப்பலாட்கள் ஆழம் பார்க்கும் கயிறான விழுதை விட்டுப் பார்க்கிறார்கள்: இருபது பாகம். கொஞ்சம் தள்ளிப் போய் மறுபடி விடுகிறார்கள்: பதினைந்து பாகம். இரண்டு கையையும் அகல விரித்த நீளம் ஒரு பாகம், ஏறக்குறைய 6 அடி. அப்படியானால் 120 அடி ஆழம் 90 அடியாகிவிட்டது. பாறை வருகிறது என்று அர்த்தம். உடனே கப்பலின் பின்பக்கமான பின்னணியத்திலிருந்து நாலு நங்கூரம் போடுகிறார்கள். கப்பலாட்கள் சிறு படகை இறக்கி நழுவப் பார்க்கும்போது பவுல், இவர்கள் கப்பலில் இல்லாவிட்டால் நீங்கள் தப்பிப் பிழைக்கமாட்டீர்கள் என்கிறார். ஒருவரும் சாகமாட்டார் என்று சொன்ன அதே பவுல்தான் இதையும் சொல்கிறார்!

வாக்குத்தத்தம் உறுதியானது. அது நிறைவேறும் வழியில் விழுதும் நங்கூரமும் கப்பலாட்களின் அனுபவமும் இருந்தன. அவற்றை அப்புறப்படுத்திவிட்டு முடிவை மட்டும் கேட்கக் கூடாது. கடைசியில் 276 பேரும் கரை சேர்ந்தார்கள். நீந்தத் தெரிந்தவர்கள் முதலில் குதித்தார்கள், மற்றவர்கள் பலகைகளையும் கப்பல் துண்டுகளையும் பிடித்துக்கொண்டு வந்தார்கள்.

தேவாலயத்து உப்பரிகையிலிருந்து குதி, தூதர்கள் தாங்குவார்கள் என்று 91-ஆம் சங்கீதத்தை எடுத்து இயேசுவிடம் சொன்னது சாத்தான் என்று மத்தேயு 4-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அந்தச் சங்கீதத்தைச் சொல்லிக்கொண்டு கூண்டு ஏறியபின் ஃபைபர் படகைத் தள்ளுவதும் அதே சோதனைதான். துறைமுகக் கூண்டுகள் 1 முதல் 11 வரை உண்டு. 8, 9, 10 பெரும் அபாயம். 11 என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது. 1-ஆம் எண் ஏறியதும் நடுக்கடலில் இருக்கும் படகுகளுக்குச் செய்தி சொல்லிவிடுங்கள். கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல்படையின் எண் 1554.

புயல் திசைமாற வேண்டும் என்று ஜெபிக்கலாமா?

தாராளமாக. காற்றையும் கடலையும் பார்த்து ‘இரையாதே, அமைதலாயிரு’ என்றவரிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பது? எலியா மழைக்காக ஜெபித்ததை யாக்கோபு 5:17-18 நமக்கே முன்மாதிரியாகக் காட்டுகிறது.

தப்பு நேர்வது சாட்சி சொல்லும்போதுதான். கடலூரை நோக்கி வந்த புயல் வேறு கரைக்குத் திரும்பியதும், நம் ஜெபத்தால் திருப்பினோம் என்று மேடையில் அறிவிக்கிறார்கள். அந்தக் கரையிலும் சபைகள் இருக்கின்றன, அவர்களும் முழங்காலில் நின்றார்கள். நம் நன்றி அவர்களைக் குத்தக் கூடாது. ‘புயலே, உனக்குக் கட்டளையிடுகிறேன்’ என்ற தோரணையும் வேண்டாம். கட்டளையிட்டவர் ஆண்டவர்; சீஷர்கள் அவரை எழுப்பத்தான் செய்தார்கள்.

எப்படி ஜெபிப்பது என்று கேட்பவர்களுக்கு: புயல் வலுவிழக்கவும், கரை கடக்கும் இடம் எதுவானாலும் உயிர்ச்சேதம் இல்லாதிருக்கவும் கேளுங்கள். மின்வாரிய ஊழியர்கள், மீட்புப் படையினர், அணைகளில் நீர்த்திறப்பை முடிவு செய்கிறவர்கள் ஆகியோரை நினைத்துக்கொள்ளுங்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் வந்து தென்பெண்ணை கரை புரண்டபோது, மேலே பெய்த மழையும் இங்கே வந்த வெள்ளமும் ஒரே சங்கிலி என்பது எல்லோருக்கும் புரிந்தது. கடைசியாக, உம்முடைய சித்தம் ஆகக்கடவது என்று சொல்லுங்கள். கெத்செமனேயில் இயேசுவே அப்படித்தான் முடித்தார்.

இதற்கும் தலைவிதிக்கும் என்ன வித்தியாசம்?

விதிக்குக் காது கிடையாது. அதனிடம் கேட்கவும் முடியாது, அழவும் முடியாது. விதியில் முடிவு மட்டும் எழுதப்பட்டிருக்கிறது, நடுவில் நீங்கள் என்ன செய்தாலும் ஒன்றுதான். கிறிஸ்தவ நம்பிக்கையில் கேட்கிற ஒருவர் இருக்கிறார். உங்கள் ஜெபமும் உழைப்பும் மருந்தும் அவர் நடத்தும் வழிகளாகின்றன.

பஸ் தவறியது, இன்டர்வியூ தள்ளிப்போனது. இதெல்லாம் கடவுள் காட்டும் சைகையா?

கடவுளின் கைக்கு உட்பட்டவை, ஆமாம். சைகை என்று சொல்ல அவசரப்படாதீர்கள்.

யோனா நினிவேக்குப் போக வேண்டியவன். யோப்பாவுக்குப் போனான், அங்கே தர்ஷீசுக்குப் போகிற கப்பல் தயாராக நின்றது, கையில் கூலியும் இருந்தது. எல்லாக் கதவும் திறந்தன, எல்லாம் கீழ்ப்படியாமை. பவுலுக்கோ எபேசுவில் பெரிய வாசல் திறந்தது, விரோதிகளும் அநேகர் (1 கொரிந்தியர் 16:9). ஆகவே வழி சுலபமாக இருந்தால் தேவ சித்தம், தடை வந்தால் சித்தமில்லை என்ற கணக்கு இரண்டு பக்கமும் பொய்த்துப்போகிறது. மேலே சொன்ன தென்றலும் அப்படித்தானே ஏமாற்றியது?

புத்தாண்டு ஆராதனையில் எடுக்கும் வாக்குத்தத்த அட்டையையும் இப்படிப் பயன்படுத்தக் கூடாது. அது தியானிக்க ஒரு வசனம், வருஷபலன் அல்ல. தானே புயல் அடித்தது 2011 டிசம்பர் 30. மறுநாள் இரவு, மின்கம்பங்கள் சாய்ந்து ஊர் இருட்டில் கிடக்க, புது வருஷம் பிறந்தது. கூரை போனவர் கையில் செழிப்பைப் பற்றிய வசனம் வந்திருந்தால் அதற்கு என்ன பொருள் சொல்வது?

வேலை, கல்யாணம், வீடு மாற்றம் என்று முடிவெடுக்க வேண்டி வந்தால் முதலில், வேதம் தெளிவாக விலக்கியதா, ஏற்கெனவே இருக்கும் கடமையை மீறுகிறதா என்று பாருங்கள். அடுத்து விவரம் சேருங்கள்: சம்பளம், கடன், தூரம், வீட்டில் முதியவர்களின் நிலை. உங்களுக்கு ‘வேண்டாம்’ என்று சொல்லத் துணிகிற இரண்டு பேரிடம் கேளுங்கள். தலையாட்டுகிறவர்களிடம் கேட்டுப் பயனில்லை. ஞானம் கேட்டு ஜெபித்து முடிவெடுங்கள். அப்புறம் யாக்கோபு 4:15 சொல்வதுபோல ‘ஆண்டவருக்குச் சித்தமானால்’ என்று அதைத் திறந்த கையில் வைத்திருங்கள். பஸ் தவறினால் அடுத்த பஸ்ஸைப் பிடியுங்கள்.

துக்க வீட்டில் என்ன சொல்வது?

முதல் நாள் எதையும் விளக்காதீர்கள். யோபின் சிநேகிதர்கள் ஏழு நாள் பேசாமல் தரையில் அவனோடு உட்கார்ந்தார்கள். அதுவரை நன்றாகத்தான் இருந்தது. வாயைத் திறந்து காரணம் சொல்லத் தொடங்கியதற்குத்தான் 42:7-இல் கடவுளிடமே கண்டிப்பு வாங்கினார்கள்.

‘ஆண்டவருக்குத் தேவைப்பட்டார், எடுத்துக்கொண்டார்’, ‘விசுவாசம் குறைந்திருக்கும்’, ‘இதைவிட மோசமாக நடந்திருக்கலாம்’ என்ற மூன்றும் வேண்டவே வேண்டாம். ரோமர் 8:28-ஐயும் எடுத்த எடுப்பில் நீட்டாதீர்கள். நடந்தது நன்மை என்று அந்த வசனம் சொல்லவில்லை. சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது என்கிறது. இழந்தவர் ஒருநாள் தாமாகச் சொல்ல வேண்டிய வசனம் அது. வாசிக்கக் கேட்டால் 13-ஆம் சங்கீதமோ 88-ஆம் சங்கீதமோ வாசியுங்கள். 88 இருளிலேயே முடிகிறது. அப்படியும் ஜெபிக்கலாம் என்று வேதமே இடம் கொடுத்திருக்கிறது. லாசருவைச் சற்று நேரத்தில் எழுப்பப்போகிறோம் என்று அறிந்திருந்தும் இயேசு கல்லறைக்குப் போகும் வழியில் கண்ணீர் விட்டார்.

குடிதண்ணீர், சாப்பாடு, இறப்புச் சான்றுக்கு அலைவது, நனைந்துபோன பள்ளிப் புத்தகங்களுக்கு மாற்று வாங்குவது ஆகியவை அன்று பிரசங்கத்தைவிட அதிகம் பேசும். முப்பதாம் நாள் ஜெபம் முடிந்ததும் கூட்டம் கலைந்துவிடும். உண்மையான தனிமை அப்போதுதான் தொடங்குகிறது, மூன்றாம் மாதத்திலும் ஒருமுறை போய் வாருங்கள்.

ரெட் அலர்ட் நாளில் ஞாயிறு ஆராதனையை நிறுத்துவது அவிசுவாசமா?

ஓய்வுநாள் மனுஷனுக்காக உண்டாக்கப்பட்டது (மாற்கு 2:27). வேகமாக ஓடும் வெள்ளம் அரையடி இருந்தாலே பெரியவர்கள் தடுமாறுவார்கள், தெருவில் அறுந்து கிடக்கிற மின்கம்பியும் தண்ணீருக்குள் தெரியாது. கெடிலம், தென்பெண்ணை ஆறுகளின் கரையோரச் சபைகள் சனிக்கிழமை மாலைக்குள் முடிவெடுத்துச் சொல்லிவிட வேண்டும். ஞாயிறு காலை சொன்னால் பாதிப் பேர் வழியில் இருப்பார்கள்.

ஆராதனை இல்லாவிட்டாலும் ஆலய மண்டபம் திறந்திருக்கலாம். ஃபெஞ்சல் சமயம் புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 48 செ.மீ. கொட்டியது, அப்படிப்பட்ட இரவில் உயரமான தளமுள்ள எந்தக் கட்டடமும் பெரிய உதவி. ஐப்பசிக்கு முன்பே முதியவர்கள், கர்ப்பிணிகள், டயாலிசிஸ் செய்துகொள்பவர்களின் பட்டியலைத் தெருவாரியாக எழுதிவையுங்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு 3 லிட்டர் குடிதண்ணீர் கணக்கு. ஜெனரேட்டரை மண்டபத்துக்குள் வைக்காதீர்கள், அதன் புகை தூங்குகிறவர்களைக் கொன்றுவிடும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077-ஐப் பெரிய எழுத்தில் கதவில் ஒட்டுங்கள். மண்டபச் சாவி உபதேசியாரிடம் மட்டும் இருந்து அவர் ஊரில் இல்லாமல் போவதுதான் வழக்கமாக நடக்கும் கோளாறு. ஆலயத்துக்கு அடுத்த வீட்டில் இன்னொரு சாவி இருக்கட்டும்.